திறப்பு யார் கையில்?

இணையவழிச் சேவையொன்று தாமதிக்கும்போதெல்லாம் பாதுகாப்பின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்ளும் வழக்கம் நமது நிர்வாக உலகில் நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. ‘எல்லாவற்றையும் மறைகுறியாக்கம் செய்துதானே அனுப்பவேண்டியிருக்கிறது, அதனாலே சேவையகத்துக்குச் சுமை கூடிவிட்டது, வெளிநாட்டிலிருந்து விசேஷ அட்டையொன்று வருவித்துப் பொருத்தினால் சரியாகிவிடும்’ என்று விஷயம் தெரிந்தவர்போல ஒருவர் சொல்லிவிட்டால், கணிதமும் கணினியும் நமக்கு எட்டாத சங்கதிகள் என்ற கூச்சத்தினால் நாமும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்தச் சமாதானம் ஒரு காலத்தில் மெய்யாகவே இருந்தது. இன்று அது மெய்யன்று. அது மெய்யாயிருந்த காலத்திற் பிறந்த அந்த அட்டைக்கோ இன்று வேறொரு பிரயோஜனம், முன்னதைக் காட்டிலும் மேலானதொரு பிரயோஜனம், இருக்கிறது. அதைக் குறித்துத்தான் யாரும் பேசக் காணோம்.

இந்த விஷயம் கொழும்பிலுள்ள குளிரூட்டிய அறைகளுக்கு உரியது, வன்னியிலே வயல் செய்கிறவனுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஸ்கந்தபுரத்துக்கு ஒரு தரம் வந்து பார்க்கலாம். கிளிநொச்சி நகருக்கு மேற்கே அக்கராயனை அண்டியிருக்கும் இந்த ஊரில், 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாயென்று அரசாங்கம் அறிவித்த உரமானியம் கமக்காரனுடைய கையில் வந்து விழவில்லை, வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. 2023 முதல் நடைமுறையிலிருக்கும் அஸ்வெசும உதவியும் அவ்வாறே. கனடாவிலும் பிரான்சிலுமிருக்கும் பிள்ளைகள் அனுப்புகிற காசும் அவ்வாறே. ஆகவே கடை வாசலில் நிற்கும் ஒரு கமக்காரர் கைத்தொலைபேசியைச் சற்று உயர்த்திப் பிடித்து, அலைக்கோடு இன்னொன்று எழும்பட்டும் என்று காத்திருந்து, கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்திவிட்டு, திரையிற் சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதும், ‘சேவர் பிஸியாம், பின்னேரம் பாப்பம்’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் இங்கே நித்திய காட்சிகள். அந்த வட்டம் சுழலும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை, காத்து நிற்கிற அந்த மனிதருக்கு நிச்சயமாக உண்டு.

முதலில் நடப்பது ஓர் அறிமுகம். வங்கியின் சேவையகம் தான் மெய்யாகவே அந்த வங்கிதான் என்பதைக் கைத்தொலைபேசிக்கு நிரூபித்துக் காட்டவேண்டும். பிறகு இருவரும், இடையில் ஒட்டுக்கேட்பவன் எவனுக்கும் புலப்படாத வகையில், ஓர் இரகசிய எண்ணைத் தமக்குள் ஒப்புக்கொள்ளவேண்டும். அதன் பின்னரே கணக்கு மீதியும் கடவுச்சொல்லும் அந்த எண்ணினால் உருமாற்றப்பட்டுப் பிரயாணம் செய்யும். இந்த அறிமுகத்துக்கு நெடுங்காலம் ஆதாரமாயிருந்த கணிதம், 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் கண்டது. அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எஸ்.ஏ. என்று வழங்குவது. அதிலே திறப்புகள் இரண்டு. ஒன்று ஊரறியக் கொடுத்துவிடுவது. மற்றது சேவையகத்தை விட்டு வெளியே போகவே கூடாதது. பகிரங்கத் திறப்பால் பூட்டியதை இரகசியத் திறப்பால் மட்டுமே திறக்கலாம்; இரகசியத் திறப்பால் இட்ட ஒப்பத்தைப் பகிரங்கத் திறப்பைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்.

இவ்விரண்டு வேலைகளுக்கும் ஆகும் சிரமம் சமமானதன்று என்பதிலேதான் நம்முடைய கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்று வழக்கிலுள்ள 2048 இருமவிலக்கத் திறப்பொன்றைச் சாதாரண எண்ணாக எழுதினால் 617 இலக்கங்கள் வரும். ஒரு பக்கத்தில் கால்வாசியை நிரப்பிவிடும் எண் அது. பகிரங்கத் திறப்போடு வேலை செய்கிறவர், வழக்கமாக 65537 என்ற சிறிய அடுக்கை எடுத்துக்கொள்வதால், அப்படிப்பட்ட எண்களைப் பதினேழு தடவை பெருக்கி வகுத்தாற் போதும். கைத்தொலைபேசிக்கு வாய்த்தது இந்தச் சுலபமான பங்குதான். இரகசியத் திறப்போடு வேலை செய்யும் சேவையகமோ அதே பருமனுள்ள எண்களை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வர்க்கித்து, இடையிடையே பெருக்கி, ஒவ்வொரு தடவையும் வகுத்து மிச்சம் கண்டு முடிக்கவேண்டும். சீன மிச்சத் தேற்றம் என்ற பழைய உபாயத்தைக் கையாண்டால் இந்தச் சிரமம் ஏறத்தாழ நாலிலொன்றாகக் குறையும் என்பதும், அத்தேற்றத்தின் இனத்தைச் சேர்ந்த கணக்குகளைத்தான் ஆரியபடர் 499 ஆம் ஆண்டளவில் குட்டகம் என்ற முறையாற் செய்துகாட்டினார் என்பதும் இரசமான செய்திகள். ஆயினும் நாலிலொன்றாகக் குறைந்த பின்பும் பெரும்பாரம் சேவையகத்தின் தோளிலேதான் கிடக்கிறது. வாடிக்கையாளன் ஒருவனுக்கு ஒரு கணக்கு; அவர்களோ ஆயிரம் பேர், சேவையகமோ ஒன்று.

நெட்ஸ்கேப் நிறுவனம் 1995 இல் இணைய உலாவியிலே இந்தப் பாதுகாப்பு முறையை வழங்கிய காலத்தில், கடைகளும் வங்கிகளும் இணையத்துக்கு வந்து சேர்ந்தன. வந்த மாத்திரத்திலேயே இந்தப் பாரத்தின் கனத்தை உணர்ந்தும்கொண்டன. அக்காலத்துக் கணினியின் மையச் சில்லு, இன்றையதிற் பாதி நீளமுள்ள 1024 இருமவிலக்கத் திறப்பைக் கொண்டு வினாடிக்குச் சில பத்து ஒப்பங்களை இடுவதற்குள் களைத்துப்போகும். அந்நேரம் பக்கங்களைத் தயாரித்து அனுப்பும் பிரதான வேலை நின்றுபோகும். இந்தச் சங்கடத்திலிருந்து ஒரு வியாபாரம் பிறந்தது. பெரிய எண்களைப் பெருக்கி மிச்சம் காண்பதைத் தவிர வேறொன்றும் அறியாத சில்லுகளைப் பதித்து, கணினியின் உட்புறத்து இடுக்கிற் செருகக்கூடிய அட்டைகளைச் செய்து விற்கும் நிறுவனங்கள் பல முளைத்தன. அவற்றுள் கியாதி பெற்ற ஒன்று, அலெக்ஸ், நிக்கோ வான் சோமரன் என்ற சகோதரர் இருவர் 1996 இல் இங்கிலாந்தின் கேம்பிரிஜில் தொடங்கிய என்சைஃபர். அவர்களுடைய என்ஃபாஸ்ட் 300 என்ற அட்டையின் பெயரிலிருந்த எண், வினாடிக்கு அது இடக்கூடிய ஒப்பங்களின் தொகையைச் சொல்வது. சன் நிறுவனமும் கம்பாக்கும் ரெயின்போவும் இத்தகைய அட்டைகளை விற்றன. 2000 ஆம் ஆண்டளவில் தோன்றிய கேவியம் என்ற நிறுவனம் இதற்கென்றே சில்லுகளைச் செய்தது. மையச் சில்லு கடினமான கணக்கை அட்டையிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். விடை தயாரானதும் அட்டை அறிவிக்கும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் விலை ஆயிரக்கணக்கான டொலர்.

விலையினால் நேர்ந்த தீங்கு என்னவென்பதை நாம் போதிய அளவு சிந்தித்துப் பார்த்ததில்லை. பணமுள்ள ஸ்தாபனங்கள் அட்டை வாங்கின. மற்றவை கடவுச்சொல்லைப் பெறும் ஒரு பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு ஏனைய யாவற்றையும் திறந்தவெளியில் விட்டன. கடிதங்கள், தேடல்கள், வைத்தியரிடம் கேட்ட கேள்விகள், இன்ன இடத்தில் இன்னார் இருக்கிறார் என்ற விபரங்கள் எல்லாம் வழியில் நிற்பவன் படிக்கக்கூடியவையாகவே பல்லாண்டுகள் பாய்ந்தோடின. திறந்த கடிதம் என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. யுத்த காலத்திற் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஊடாகப் போய்வந்த குடும்பச் செய்திகள் உறையில் இட்டு ஒட்டப்படாதவை. சுகசேமத்துக்கு மேலொன்றும் அவற்றில் எழுத இடமில்லை. எழுதுகிறவருக்கு மூன்றாமவர் ஒருவர் வாசிப்பார் என்பது தெரிந்திருந்தது, ஆகவே சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே எழுதப் பழகினார்கள். இணையத்தில் எழுதியவர்களுக்கோ, அப்படியொருவர் வாசிக்கக்கூடும் என்பதே தெரியாமலிருந்தது. 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருளொன்று வெளிவந்து, ஒரே கம்பியில்லா இணைப்பிலிருக்கும் பக்கத்து மேசைக்காரருடைய முகநூல் கணக்குக்குள் ஒரு சொடுக்கிலே புகுந்துவிடலாம் என்று காட்டிய பிறகே உலகம் திடுக்கிட்டு விழித்தது.

அதே 2010 ஆம் ஆண்டின் ஜனவரியில் கூகுள் தனது ஜிமெயில் முழுவதையும், கேட்டவர் கேளாதவர் என்ற பேதமின்றி, மறைகுறியாக்கத்துக்குள் கொண்டுவந்திருந்தது. அதன்பின் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் வெளியிட்ட கணக்கு இத்துறையின் சரித்திரத்தில் ஒரு திருப்புமுனை என்றே கூறவேண்டும். மறைகுறியாக்கத்தால் முன்வரிசைச் சேவையகங்களின் மையச் சில்லுக்கு ஏற்பட்ட சுமை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வலைப்பின்னற் சுமை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இதற்கென மேலதிகமாக ஒரு கணினிதானும் நிறுத்தப்படவில்லை, விசேஷ அட்டை எதுவும் வாங்கப்படவுமில்லை. பத்தாண்டுகளாக எல்லோரும் ஓதிவந்த ‘பாதுகாப்பு என்றால் செலவு’ என்ற மந்திரம் அந்த ஒரு கணக்கோடு செயலிழந்தது.

எப்படிச் செயலிழந்தது? மையச் சில்லுகள் தாமே வேகங்கொண்டன, ஒருதரம் அறிமுகமானவரை மறுதரம் வரும்போது முழுக் கணக்கும் செய்யாமலே அடையாளங் காணும் உபாயம் பரவலாயிற்று, ஆர்.எஸ்.ஏ.யைக் காட்டிலும் மிகச் சிறிய எண்களோடு அதே வலிமையைத் தரும் நீள்வளையக் கோட்டுக் கணிதம் நடைமுறைக்கு வந்தது. அறிமுகத்துக்குப் பின்னர் தரவுகளை மறைப்பதற்கென்று 2001 இல் அமெரிக்கத் தரநிர்ணய ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட ஏ.இ.எஸ். முறையை, அதாவது ஜோன் டேமன், வின்சென்ட் ரெய்மன் என்ற பெல்ஜியர் இருவர் வகுத்த முறையை, 2010 அளவில் இன்டெல் தன் சில்லுக்குள்ளேயே தனிக் கட்டளைகளாகப் பொறித்துவிட்டது. அட்டை செய்த வேலை கணினியின் மூளைக்குள்ளேயே குடிபுகுந்தது என்று இதைச் சொல்லலாம். இன்றைய சாதாரண சேவையகச் சில்லின் ஒரேயொரு கரு, 2048 இருமவிலக்கத் திறப்பைக் கொண்டு வினாடிக்கு 1,000 ஒப்பங்களுக்கு மேல் இடும். நீள்வளையக் கோட்டு முறையிலானால் அத்தொகை பல பத்தாயிரம். ஒரு சில்லிலே அப்படிப்பட்ட கருக்கள் டசின் கணக்கில் இருக்கின்றன. சன் நிறுவனம் 2010 இல் ஒராக்கிளுக்குள் மறைந்தது. கேவியத்தை 2018 இல் மார்வெல் வாங்கிற்று. 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற தர்ம ஸ்தாபனம் சான்றிதழ்களைக் கூட இலவசமாக வழங்கிவருகிறது. செலவென்று சொல்லத் தக்கது எதுவும் மிஞ்சவில்லை.

அப்படியானால் ஸ்கந்தபுரத்தில் அந்த வட்டம் ஏன் இன்னமும் சுழல்கிறது? பழைய முறையின்படி கைத்தொலைபேசி முதலில் ஒரு தரம் சேவையகத்துக்குப் போய்வந்து தொடர்பை ஏற்படுத்தும். பின் இரு தரம் போய்வந்து அறிமுகத்தை முடிக்கும். அதன் பிறகே கேள்வி புறப்படும். சேவையகம் ஒப்பமிடும் கணக்கு வினாடியின் ஆயிரத்திலொரு பங்களவில் முடிந்துவிட, போக்குவரத்து ஒவ்வொன்றும் சிங்கப்பூருக்கோ மும்பாய்க்கோ ஆனால் அதனிலும் பன்மடங்கு நேரத்தை எடுக்கிறது. அலைவரிசை பலவீனமான இடத்தில், இழந்த பொட்டலங்களை மறுபடி அனுப்பவேண்டியிருப்பதால், வினாடிகளாகவே நீண்டுவிடுகிறது. அக்கராயன் குளத்தின் துருசை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது என்பது இங்குள்ள எந்தக் கமக்காரருக்கும் தெரிந்த விஷயம். சேவையகத்திற் செருகும் அட்டை துருசைப் பெருப்பிக்கிறது, தூர்ந்த வாய்க்காலையோ அது தொடுவதேயில்லை. 2018 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட ரி.எல்.எஸ். 1.3 என்ற புதிய நியமம் அறிமுகத்துக்கான இரு பிரயாணங்களை ஒன்றாக்கிற்று. அதைச் சேவையகத்திற் செயற்படுத்த ஓர் அட்டையும் வேண்டாம். மென்பொருளைப் புதுப்பிக்கும் சிரத்தை இருந்தாற் போதும். கணக்கு மீதி என்ற ஒரு வரியைக் காட்டுவதற்கு முன்னே விளம்பரப் படங்களையும் அசையும் சித்திரங்களையும் இறக்கித் தொலைக்கும் பக்கங்களை மெலிவாக்குவதற்கும் அவ்வாறே. மலிவான கைத்தொலைபேசிகளில் ஏ.இ.எஸ். கட்டளைகள் சில்லில் இல்லாதிருக்கலாம்; அவற்றுக்கென்றே, டானியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த சாச்சா20 என்ற இலகுவான முறையைக் கூகுள் 2014 அளவில் நடைமுறைப்படுத்தியது. அதை அனுமதிப்பதும் சேவையகத்திலே ஒரு வரி மாற்றம்.

நான் அட்டைகளுக்கு விரோதியல்லன். இந்தியாவின் யு.பி.ஐ. பணப்பரிமாற்றங்களின் எண்ணிக்கை 2025 ஆகஸ்டில் மாதத்துக்கு 2,000 கோடியைத் தாண்டிற்று. சராசரி எடுத்தாலே வினாடிக்கு 7,000 க்கு மேல் வருகிறது. அத்தகைய பெருவெள்ளத்தின் முன்னே நிற்கும் ஸ்தாபனங்களுக்கும், உலகமெங்கும் பக்கங்களைப் பரிமாறும் நிறுவனங்களுக்கும், இரு நகரங்களுக்கிடையிலுள்ள முழுப் போக்குவரத்தையும் மறைத்தனுப்பும் நுழைவாயில்களுக்கும், தனிச் சில்லுகள் மின்சாரத்தையும் இடத்தையும் மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. குவிக்அசிஸ்ட் என்ற பெயரில் அட்டையாக விற்ற அதே சாதனத்தை இன்டெல் 2023 இல் தனது சேவையகச் சில்லுகள் சிலவற்றுக்குள்ளேயே சேர்த்ததும் அப்படிப்பட்டவர்களுக்காகவே. ஆனால் ஒரு பிரதேச சபையோ, கூட்டுறவுச் சங்கமோ, மாகாணத் திணைக்களமோ நடத்தும் சேவையகத்துக்கு வினாடிக்குப் பல்லாயிரம் ஒப்பங்கள் என்ற வாக்குறுதியோடு அட்டை விற்க வருகிறவர், அந்த ஸ்தாபனத்துக்குத் தேவையில்லாத ஒன்றை அதன் அறியாமையின் பேரில் விற்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

அட்டையின் மற்ற முகத்தைப் பற்றிச் சொன்னேன். அதைக் கண்டு காட்டியவர்களுள் ஒருவர் அட்டைக்காரரே என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. 1998 அளவில் அதி ஷமீரும் நிக்கோ வான் சோமரனும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையொன்று, கணினியின் நினைவகத்திலோ வட்டிலோ ஒளிந்திருக்கும் இரகசியத் திறப்பைக் கண்டுபிடிப்பது எவ்வளவு இலகுவானது என்று காட்டிற்று. சாதாரணத் தரவுகளில் ஓர் ஒழுங்கு இருக்கும்; சொற்கள் மீண்டும் வரும், வெற்றிடங்கள் வரும், கட்டளைகள் ஒரே சாயலில் வரும். திறப்போ ஒழுங்கே அற்ற எண். ஆகவே நினைவகம் முழுவதையும் தேடவேண்டியதில்லை, எங்கே ஒழுங்கின்மை மிகுந்து தெரிகிறதோ அங்கே கைவைத்தால் திறப்பு அகப்படும். இரகசியமாயிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது! 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளிப்பட்டபோது இந்த அபாயம் ஏட்டுச் சுரைக்காயன்று என்பது உலகறிந்ததாயிற்று. சேவையகங்கள் பலவற்றில் இயங்கிய ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளிலிருந்த அப்பிழையின் வழியாக, முகமறியாத எவனும் நினைவகத்தின் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். அந்தத் துண்டுகளிலிருந்து இரகசியத் திறப்பையே மீட்டெடுக்க முடியும் என்பதையும் சில நாட்களுக்குள்ளேயே பலர் செய்து காட்டினர்.

இதற்குப் பரிகாரமாக வந்தவைதான் எச்.எஸ்.எம். எனப்படும் பாதுகாப்புப் பெட்டகங்கள். தோற்றத்தில் அவையும் அட்டையோ, தட்டையான பெட்டியோதான்; வேலையிலும் அதே பெருக்கல் வகுத்தல்தான். வித்தியாசம் என்னவெனில், திறப்பு அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே இருந்து, அதற்குள்ளேயே அழிகிறது. சேவையகம் ஒப்பமிடவேண்டிய எண்ணை உள்ளே கொடுக்கும், ஒப்பம் வெளியே வரும். திறப்பை மட்டும் சேவையகம் கண்ணாற் காணாது. உடைத்துப் பார்க்க முயன்றால் உள்ளிருப்பதைத் தானே அழித்துக்கொள்ளும் வகைகளும் உண்டு. பணம் எடுக்கும் இயந்திரத்தில் நாம் அழுத்தும் நாலிலக்க எண் சரியா தவறா என்று வங்கியிலே பார்க்கப்படுவதும் இத்தகைய பெட்டகத்துக்குள்ளேதான்.

பெட்டகத்தைத் திறந்து நிர்வகிக்கும் முறையையும் சற்றுக் கிட்ட நின்று பார்ப்பது நல்லது. தலைவரோ தொழில்நுட்பவியலாளரோ தனியொருவர் அதைச் செய்ய முடியாது. உதாரணமாக, நிர்வாக அதிகாரம் ஐந்து துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு ஐந்து உத்தியோகத்தரின் கையில் ஐந்து அட்டைகளாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அவர்களுள் எவரேனும் மூவர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் கூடி, ஒருவர்பின் ஒருவராக அட்டையைச் செருகித் தத்தம் கடவுச்சொல்லை அழுத்தினால்தான் அது இணங்கும். ஒருவர் இறந்துபோனாலும், வெளிநாடு போனாலும், கோபித்துக்கொண்டு வேலையை விட்டாலும் காரியம் கெடாது. ஒருவர் கெட்டவராய் மாறினாலும் காரியம் கெடாது. ஓர் இரகசியத்தை இவ்வாறு பங்கிட்டு வைக்கும் கணிதத்தை 1979 இல் கண்டவரும் அதே ஷமீர்தான். கோவில் உண்டியலைத் தனியொருவர் திறக்கக் கூடாது, நிர்வாகசபையார் கூடி நின்றே திறக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கும் நமது மக்களுக்கு இந்தத் தத்துவம் புதியதன்று. ஆயினும் நம்முடைய ஸ்தாபனங்களிலே இரகசியத் திறப்பு என்ற கோப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்தால், சேவையகத்தை நிறுவிக் கொடுத்த கொம்பனிக்காரரின் மடிக்கணினியிலும் ஒரு பிரதி, முன்பிருந்த உத்தியோகத்தரின் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி என்ற விடை வந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இலங்கை அனுபவம் நமக்குப் புகட்டிய பாடம் வேகத்தைப் பற்றியதன்று. 2023 ஆகஸ்டில் அரச மேகக்கணினியின் மின்னஞ்சற் சேவை கப்பங் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குக் காப்புப்பிரதி இல்லை என்பது பின்னர் பகிரங்கமாயிற்று. இயங்கியதோ 2013 ஆம் ஆண்டு வெளிவந்த, காலாவதியான மென்பொருட் பதிப்பு. அந்தச் சேவையகங்களில் உலகத்திலேயே வேகமான முடுக்கி அட்டையைச் செருகியிருந்தாலும் ஒரு கடிதந்தானும் மீண்டிராது. மறைகுறியாக்கம் என்பது திருடனுடைய கையிலும் ஆயுதமாகும் என்பதை அச்சம்பவம் காட்டிற்று. நம்முடைய கடிதங்களை நமக்கே மறைத்து வைத்தது அதே கணிதம், திறப்பு மட்டும் அவன் கையில். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விபரங்களைக் கைக்கொள்ளும் ஸ்தாபனங்கள் அவற்றுக்குத் தக்க காப்புச் செய்யவேண்டுமென்று விதிக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்க, காப்பு என்பது மனிதருடைய அன்றாட ஒழுக்கத்தில் இருக்கவேண்டிய விஷயம்.

அந்த ஒழுக்கத்துக்கு இனி வரும் ஆண்டுகள் பெரும் சோதனையாகவே அமையும். சேவையகத்தின் அடையாளச் சான்றிதழ் ஏறத்தாழ ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும் என்ற நிலை மாறிக்கொண்டு வருகிறது. 2026 மார்ச் முதல் 200 நாட்கள், 2027 மார்ச் முதல் 100 நாட்கள், 2029 மார்ச் முதல் 47 நாட்கள் என்று சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனத்தாரும் 2025 ஏப்ரலில் தீர்மானித்துவிட்டனர். வருடத்துக்கு ஒருமுறை நினைவூட்டலுக்காகக் காத்திருந்து, கோப்பில் குறிப்பெழுதி, மேலதிகாரியின் கையொப்பம் பெற்று, காசோலை எழுதிச் சான்றிதழைப் புதுப்பிக்கும் நமது சம்பிரதாயம் 47 நாட்களின் முன்னே தாக்குப்பிடிக்காது. புதுப்பித்தல் தானே நடக்கும்படி இப்பொழுதே ஏற்பாடு செய்யாத ஸ்தாபனத்தின் பக்கத்தைத் திறக்கும் கமக்காரருக்கு ‘இவ்விடம் பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கையே விடையாகும்.

இன்னொன்றும் உண்டு. குவாண்டம் கணினி பலம்பெற்றால் ஆர்.எஸ்.ஏ.யும் நீள்வளையக் கோட்டு முறையும் ஒருங்கே வீழ்ந்துவிடும் என்பதால், அவற்றுக்கு மாற்றான முறைகளை அமெரிக்கத் தரநிர்ணய ஸ்தாபனம் 2024 ஆகஸ்டில் நியமங்களாக வெளியிட்டது. அந்தப் புதிய கணிதம் பெரிய எண்களை அடுக்குவதன்று. ஆகவே பழைய கணக்குக்கென்று வார்க்கப்பட்ட சில்லுக்கு அதிலே வேலையில்லை. மென்பொருளை மாற்றிவிடலாம், சிலிக்கனில் வார்த்ததை மாற்றுவது எங்ஙனம்? பத்து வருடப் பாவனைக்கென்று இன்று வேக அட்டை வாங்கும் திணைக்களம், பாதி ஆயுள் முடியுமுன்பே இரும்புக் கடைக்குப் போடவேண்டிய ஒரு பொருளுக்கு வரிப்பணத்தைக் கொடுக்கிறது. பெட்டகமே வாங்குவதானாலும், புதிய முறைகளை உள்ளே ஏற்றிக்கொள்ளக் கூடியதுதானா என்று கேட்டே வாங்கவேண்டும்.

சிறிய ஸ்தாபனங்கள் பெட்டகத்துக்கு எங்கே போகும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. அவற்றின் விலை வேக அட்டையினும் அதிகம். ஒவ்வொரு பிரதேச சபையும் தனித்தனியே ஒன்று வாங்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மாகாணம் முழுவதற்கும் பொதுவான பெட்டகமொன்றை ஏற்படுத்தி அதன் காவலைப் பலர் கையில் பங்கிடலாம். மாதவாடகைக்கு அதே வசதியைத் தரும் மேகக்கணினிச் சேவைகளும் இருக்கின்றன. அதற்குக் கூட வழியில்லாத இடத்தில், திறப்புக் கோப்பை ஒரேயொரு கணக்கு மாத்திரம் வாசிக்கும்படி செய்து, பிரதிகளை ஒழித்து, ஆள் மாறும்போதெல்லாம் திறப்பையும் மாற்றுவதற்குக் காசு எதுவும் வேண்டியதில்லை. வேண்டியது ஆள். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்களிலிருந்தும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவிலிருந்தும் இந்தக் கணிதத்தையும் கணினியையும் அறிந்த பிள்ளைகள் வருடந்தோறும் வெளிவருகிறார்கள். வெளிவந்ததும் கொழும்புக்கும் அங்கிருந்து கடலுக்கப்பாலும் போய்விடுகிறார்கள். ஓர் அட்டையின் விலையையும் அதன் வருடாந்தப் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து, அவர்களுள் ஒருவரைக் கிளிநொச்சியிலேயே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று எந்தச் சபையாவது கணக்குப் பார்த்ததுண்டா?

ஆகவே விலைமனுக் கோரும் சபையாருக்கும் செயலாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த தடவை சேவையகம் வாங்கும் பத்திரத்தில், வினாடிக்கு எத்தனை என்ற நிரலை எழுதுவதற்கு முன்னால், இரகசியத் திறப்பு எங்கே வைக்கப்படும், அதைத் தொடக்கூடியவர்கள் யார் யார், சான்றிதழ் தானே புதுப்பிக்கப்படுமா, காப்புப்பிரதியை மீட்டெடுத்துச் சோதித்துப் பார்க்கும் நாள் எது என்ற கேள்விகளை எழுதுங்கள். அவற்றுக்கு நேரான விடை தராத கொம்பனியின் மனுவை, விலை எவ்வளவு குறைவாயினும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.